பேசாமல் இருந்த வெள்ளிக்கிழமைகள்

1994 புரட்டாதியில் என் மகள் துளசிக்கு இரண்டு வயது நிறைந்தது. அப்போது அவள் வாயிலிருந்து வந்த சொல் ஒன்றே ஒன்று. அதுவும் முழுச் சொல் அல்ல. "ம்மா" என்று உதடுகளைச் சேர்த்து ஒரு சத்தம். என்னையும் அப்படித்தான் கூப்பிடுவாள், பாலையும் அப்படித்தான் கேட்பாள், சன்னலுக்குக் கீழே போகும் பஸ்ஸையும் அப்படித்தான் காட்டுவாள். மார்கழி வந்தது. பனி விழுந்தது. இரண்டாவது சொல் வரவில்லை.

அதன் பிறகு நடந்ததை நம் அம்பாள் ஆலயத்துக்கு வரும் அடியார்கள் பலருக்குத் துண்டு துண்டாகச் சொல்லியிருக்கிறேன். சொல்லச் சொல்லக் கதை வளர்ந்துவிட்டது. பிள்ளை ஊமையாகப் பிறந்தாள் என்றும், தீபாராதனையின்போது வாய் திறந்து பாடினாள் என்றும் ஒருவர் என்னிடமே சொன்னார். அப்படி எதுவும் நடக்கவில்லை. நடந்தது அதைவிடச் சிறியது. எனக்கு அதைவிடப் பெரியது. ஆகவே கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

அப்போது நான் ரொறன்ரோவில் புவியியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பகுதிநேர விரிவுரையாளர். ஒரு பாடம் நகரின் நடுவில், இன்னொன்று மேற்கே வேறொரு வளாகத்தில். ஒப்பந்தம் ஒரு தவணைக்கு மட்டும். முடிந்ததும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். போதிய மாணவர்கள் சேராவிட்டால் வகுப்புத் தொடங்கும் வாரத்தில்கூடப் பாடத்தை நிறுத்திவிடுவார்கள். எனக்கென்று மேசை கிடையாது. மாணவர்களின் சந்தேகங்களைப் படிக்கட்டில் நின்று தீர்த்துவைப்பேன். ஆனாலும் நான் படித்த படிப்புக்கு இந்த நாட்டில் திறந்த கதவு அது ஒன்றுதான். அதை மூட எனக்கு மனம் வரவில்லை.

வகுப்பு மண்டபங்கள் பெரியவை. ஒலிபெருக்கி வேலை செய்யும் நாளும் உண்டு, செய்யாத நாளும் உண்டு. கடைசி வரிசைக்குக் கேட்கும்படி அடிவயிற்றிலிருந்து பேசப் பழகிக்கொண்டேன். அந்தக் குரல் வீட்டுக்கும் வந்துவிட்டது. நான் உப்புக் கேட்டாலே சண்டைக்கு நிற்பது போல இருக்கும் என்று என் கணவர் கணேசன் சொல்வார். அவர் எனக்கு நேர்மாறு. பக்கத்தில் இருந்து கேட்டால்தான் அவர் பேசுவது விளங்கும். பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் வேலை. விடிய முதல் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

ஸ்காபரோவில் நாங்கள் இருந்த அடுக்குமாடியில் பிள்ளை பார்க்கும் ஒழுங்கு உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். இரண்டு மாடி கீழே மலர் அக்கா இருந்தார். அவருடைய மகள் நிலா, துளசியைவிடப் பத்து மாதம் இளையவள். எனக்கு வகுப்பு உள்ள நாட்களில் துளசி அங்கே. வெள்ளிக்கிழமை எனக்கு வகுப்பு இல்லை, மலர் அக்காவுக்கு ஆங்கில வகுப்பு. அன்று நிலா எங்கள் வீட்டில்.

துளசி பேசாததற்குக் காரணம் சொல்லாதவர்கள் இல்லை. தகப்பனும் பிந்தித்தான் கதைத்தவர் என்றார்கள். இரண்டு பாஷையில் பிள்ளை குழம்பிவிட்டது என்றார்கள். குடும்ப வைத்தியர் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நின்று கையைத் தட்டிப் பார்த்தார். அவள் திரும்பினாள். மூன்று வயதுவரை பொறுத்துப் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

விட்பியில் இருக்கும் என் மச்சாள்தான் எல்லோரும் மனதில் வைத்திருந்ததை வெளியில் சொன்னவர். ஒரு பிறந்தநாள் விழாவில், கேக் வெட்டிய மேசையைச் சுற்றி நாங்கள் நின்றபோது சொன்னார்.

"பிள்ளை எப்பிடிக் கதைக்கும்? தாய் ஊர்ப் பிள்ளையளுக்கெல்லாம் தொண்டை கிழியக் கதைச்சுப்போட்டு, வீட்டை வந்து களைச்சுப் படுத்தால் இது ஆரிட்டைப் பேச்சுப் பழகும்?"

நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று முழுவதும் அந்த வார்த்தை என்னைவிட்டுப் போகவில்லை. ஏனென்றால் நான் தனியே இருந்து நினைத்ததும் அதுதான்.

1995 தை மாதத்தில் துறைத் தலைவர் என்னை அழைத்தார். அடுத்த ஆண்டுக்கு முழு ஆண்டு நியமனம் தரலாம் என்றார். மூன்று பாடங்கள். ஓர் அறையில் சொந்த மேசை. மார்ச் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். ஐந்து ஆண்டுகளாக நான் காத்திருந்த செய்தி அது. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். சப்வேயில் ஏறி இருந்தபோதே என் பதில் என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. முடியாது என்றுதான் சொல்லப் போகிறேன். அந்தப் பாடங்களை மட்டுமல்ல, படிப்பிப்பதையே விட்டுவிடப் போகிறேன். பிள்ளையோடு வீட்டில் இருந்து, காலையிலிருந்து மாலைவரை அவளோடு கதைக்கப் போகிறேன். ரயில் நிலத்துக்கு மேலே வந்தபோது வெளியில் எல்லாம் வெள்ளையாக இருந்தது. நான் அழுதேன். யாரும் பார்க்கவில்லை. ரொறன்ரோ ரயிலில் அழுகிறவர்களை யாரும் பார்ப்பதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஆலயத்துக்கு வந்தேன். அப்போது நம் ஆலயம் கார் திருத்தும் கடைக்குப் பக்கத்தில், தகரக் கூரைக் கட்டடத்தில் இருந்தது. வாசலில் பனிச் சப்பாத்துகள் மலைபோலக் குவிந்திருக்கும். உள்ளே அம்பாள் சிவப்புப் பட்டில் இருந்தாள். துளசி பெயருக்கு அருச்சனை செய்வித்தேன். ஏதாவது நேர்த்தி வைக்க வேண்டும் என்று தோன்றியது. பாற்குடம் எடுக்கலாம், விழுந்து விழுந்து வணங்கி வீதி சுற்றி அடி அழிக்கலாம். ஆனால் அம்பாள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது வேறொன்று மனதில் வந்தது. நான் பேசிப் பிழைக்கிறவள். என்னிடம் உள்ளது பேச்சு. பிள்ளைக்குக் கேட்பதும் பேச்சு. அப்படியானால் என்னுடையதைக் கொடுப்பதுதான் முறை.

துளசி இரண்டாவது சொல் சொல்லும்வரை, ஒவ்வொரு வெள்ளியும் விடிந்ததிலிருந்து மாலைப் பூசை முடியும்வரை வாய் திறப்பதில்லை என்று நேர்ந்துகொண்டேன். "வேலையை விடச் சொன்னால் விடுகிறேன், தாயே. பிள்ளைக்குப் பேச்சைத் தா" என்று வேண்டினேன். வேறொன்றும் கேட்கவில்லை.

கணேசனிடம் சொன்னேன்.

"வெள்ளியோடை ஏன் நிப்பாட்டுறீர்? சனி ஞாயிறையும் சேர்த்துப் பிடியுமன்" என்றார்.

மலர் அக்காவுக்கு வேறு கவலை. "வாயைத் திறக்காமல் ரெண்டு குரங்குகளையும் எப்பிடியப்பா மேய்க்கப் போறீர்?"

முதல் வெள்ளி பெரும் பாடாக இருந்தது. நான் ஒரு நாளில் எத்தனை தடவை துளசியின் பெயரைச் சொல்கிறேன் என்பது, சொல்ல முடியாதபோதுதான் தெரிந்தது. தொடாதே, வா, சாப்பிடு, அங்கே போகாதே. ஒவ்வொன்றும் தொண்டைவரை வந்து நின்றது. கூப்பிட முடியாததால் எழுந்து போய்த் தோளைத் தொட வேண்டியிருந்தது. நான் தொட்டால் அவள் திரும்பி என் முகத்தைப் பார்ப்பாள். பேசுவேன் என்று காத்திருப்பாள். பேசாவிட்டால் சிரிப்பாள். பேச்சில்லாத வீட்டில் அவள் குழம்பவே இல்லை. அது எனக்குக் கொஞ்சம் வியப்பாக இருந்தது.

மௌனத்தில் கண் கூர்மையாகிறது. முன்பு பார்த்தும் பார்க்காமல் விட்டவற்றைப் பார்த்தேன். அவள் குளிர்ப்பெட்டியின் கதவில் கன்னத்தை வைத்துக்கொண்டு நெடுநேரம் நிற்பாள். தொலைக்காட்சிக்கு முன்னால் இருக்கமாட்டாள், அதன் பக்கவாட்டில், ஒலி வரும் துளைகளோடு ஒட்டிக்கொண்டு இருப்பாள். இவற்றையெல்லாம் பிள்ளை விளையாட்டு என்று நினைத்திருந்தேன்.

மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. இரண்டு பிள்ளைகளும் கூடத்தில் எனக்கு முதுகு காட்டியபடி இருந்தார்கள். சட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விளையாடினார்கள். நான் சமையலறையில் பிஸ்கற் பொதியொன்றை எடுத்து உறையைப் பிரித்தேன். அந்தச் சின்னச் சரசரப்புக் கேட்டவுடன் நிலா எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவந்தாள். தலையை நிமிர்த்திக் கையை நீட்டினாள்.

துளசி திரும்பவில்லை.

பிஸ்கற் என்றால் உயிரை விடுகிறவள் என் பிள்ளை. சாதாரண நாளாக இருந்தால் "துளசி, பிஸ்கற்!" என்று குரல் கொடுத்திருப்பேன். அவள் திரும்பியிருப்பாள். ஓடிவந்திருப்பாள். நான் அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன். அன்று நேர்த்தி என் வாயைக் கட்டியிருந்தது. கூப்பிட முடியாமல் நின்றேன். நின்றதால் பார்த்தேன்.

உறையை இன்னொரு முறை கசக்கினேன். நிலா என்னைப் பார்த்தாள். துளசி சட்டியைப் பார்த்தாள். சாவிக் கொத்தை மெல்லக் குலுக்கினேன். தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடினேன். சாமி அறையிலிருந்து சிறிய கைமணியை எடுத்துவந்து, அவள் தலைக்குப் பின்னால் பிடித்து நோகாமல் அசைத்தேன். நிலா சிரித்தாள். துளசி அடுக்கிக்கொண்டே இருந்தாள். கடைசியாகக் காலால் தரையை ஓங்கி மிதித்தேன். தரையின் அதிர்வில் திரும்பிப் பார்த்து, என்னைக் கண்டு, "ம்மா" என்றாள்.

 கைமணியைக் கீழே வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

கணேசன் பிற்பகலில் வந்தார். மேலங்கியைக் கழற்ற விடாமல் அவரைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ப் பிள்ளைக்குப் பின்னால் நிறுத்தினேன். உறையைக் கசக்கிக் காட்டினேன். மணியை அசைத்துக் காட்டினேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. தன்னுடைய குரலில், அந்தப் பஞ்சுபோன்ற குரலில், "துளசி" என்று கூப்பிட்டார். கொஞ்சம் கிட்டப் போய் மறுபடியும் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை.

சப்பாத்தோடு தரையில் இருந்துவிட்டார்.

"நான் கூப்பிட்டால் அவள் ஒருநாளும் திரும்பிறேல்லை" என்றார். "என்னைப் பிடிக்கேல்லையாக்கும் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தன்."

இரண்டு வருடமாக அவர் அதை என்னிடம் சொல்லவில்லை. அம்மாப் பிள்ளை என்று பகிடியாகச் சொல்லிக்கொண்டு, உள்ளே வைத்திருந்திருக்கிறார். எனக்குப் பதில் சொல்ல வாய் இல்லை. பக்கத்தில் இருந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்று மாலைப் பூசை முடிந்து, ஆலய வாசலில் சப்பாத்துகளைத் தேடும்போதுதான் என் முதல் வார்த்தை வந்தது. "திங்கள் டொக்டரிட்டைப் போவம்" என்றேன். அவர் தலையாட்டினார்.

குடும்ப வைத்தியர் நான் சொன்னதை மறுக்கவில்லை. செவிப்புலன் சோதனைக்கு அனுப்பினார். பங்குனியில் ஒரு வைத்தியசாலையில் ஒலி புகாத சிறிய அறையில், துளசியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். சத்தம் கேட்டு அவள் அந்தப் பக்கம் திரும்பினால், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பொம்மைக் குரங்கு வெளிச்சத்தோடு மேளம் தட்டும். பெரிய சத்தங்களுக்குக் குரங்கு தட்டியது. சிறிய சத்தங்கள் எனக்குக் கேட்டன. பெட்டி இருட்டாகவே இருந்தது. கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். என் மடியில் இருந்த சிறிய தலை அசையவில்லை. அந்த இருட்டுப் பெட்டியை நான் இன்னும் மறக்கவில்லை.

முடிவு இதுதான். இரண்டு செவிப்பறைகளுக்கும் பின்னால் நீர் தேங்கியிருந்தது. பசைபோல இறுகியிருந்தது. பிள்ளைகளுக்கு வருகிற ஒன்றுதான், திருத்தக்கூடியது என்றார் அந்தப் பெண். தண்ணீருக்குள் தலையை வைத்துக்கொண்டு கேட்பதுபோல இவளுக்குக் கேட்டிருக்கும். சாதாரணமாகப் பேசினால் சொற்கள் கரைந்துபோகும். மெதுவாகப் பேசினால் ஒன்றுமே இல்லை.

பிறகு அவர் கேட்டார்: பிள்ளைக்கு என்னென்ன விளங்கும்? நான் சொன்னேன். சப்பாத்தைக் கொண்டுவா என்றால் கொண்டுவருவாள். சோறு, பால், குளிப்பு, போவோம், எல்லாம் விளங்கும். அவர் தாளிலிருந்து தலையை நிமிர்த்தினார். இந்த அளவு கேட்கும் பிள்ளைக்கு இவ்வளவு விளங்குவது அதிகம் என்றார். வீட்டில் யார் இவளோடு கூடுதலாகப் பேசுவது, நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார்.

விரிவுரை செய்கிறேன் என்றேன், என் வழக்கமான குரலில்.

அவர் சிரித்தார். "அதுதான்" என்றார். நீங்கள் நேரே முகத்தைப் பார்த்து, உரத்து, ஒவ்வொரு சொல்லாகப் பேசுகிறீர்கள். இவளுக்குள் போன சொற்கள் அநேகமாக எல்லாம் உங்கள் குரலில்தான் போயிருக்கும் என்றார்.

 மாதக்கணக்காக நான் சுமந்த குற்றம் அந்த வேலை. எதை விட்டால் பிள்ளை பேசும் என்று நம்பினேனோ, அதுதான் பிள்ளையின் காதுக்குப் போன ஒரே வழியாக இருந்திருக்கிறது. கடைசி வரிசைக்காக நான் பழகிய குரலைக் கேட்டுக்கொண்டு, அந்தத் தண்ணீருக்கு அடியில் என் பிள்ளை இருந்திருக்கிறாள். இதை யார் ஒழுங்குசெய்தது? நான் செய்யவில்லை. எனக்குத் தெரியவே தெரியாது. அந்த வைத்தியசாலை நாற்காலியில் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கோயிலில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை.

மார்ச் முடிவதற்குள் துறைத் தலைவரிடம் போய், ஏற்றுக்கொள்கிறேன் என்றேன். நல்லது என்று சொல்லிவிட்டு அவர் தொலைபேசியை எடுத்தார். அவருக்கு அது அவ்வளவுதான்.

மே மாதத்தில் சத்திரசிகிச்சை. நீரை எடுத்து, இரண்டு செவிப்பறைகளிலும் அரிசி மணியளவு குழாய் வைத்தார்கள். அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். கணேசன் காரைத் தூரத்தில் நிறுத்தியிருந்தார். நடைபாதை திருத்த வேலைக்காக ஓரிடத்தில் சரளைக் கல் பரப்பியிருந்தார்கள். நான் அவளை இறக்கி நடக்கவிட்டேன். இரண்டு அடி வைத்தாள். நின்றாள். கீழே பார்த்தாள். ஒரு காலைத் தூக்கி மெதுவாக வைத்தாள். கல் நொறுங்கும் சத்தம். மற்றக் காலைத் தூக்கி வைத்தாள். தலையைச் சரித்துக் கேட்டாள். தான் நடந்தால் சத்தம் வரும் என்பதை என் பிள்ளை அன்றுதான் அறிந்தாள். நாங்கள் அவசரப்படுத்தவில்லை. அவள் அந்தச் சரளைக் கல்லில் போவதும் வருவதுமாக இருந்தாள். பின்னால் நின்ற கணேசன் அவளைக் கூப்பிட்டார். தன்னுடைய குரலில்தான்.

திரும்பினாள்.

அதை எழுத எனக்குத் தெரியவில்லை. அவருடைய முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பேச்சு அடுத்த நாளே வரவில்லை. வந்ததாகச் சொல்பவர்களை நம்பாதீர்கள். வெள்ளிக்கிழமைகளில் நான் மௌனமாக இருந்தேன். அந்த நாட்களில் வீட்டில் கதைத்தவர் கணேசன்தான். அவர் பேசிப் பேசிப் பழகினார். அவள் கேட்டுக் கேட்டுப் பழகினாள். ஆடி மாதத்தில் ஒரு காலை, புரட்டாதி வகுப்புக்கான விரிவுரையைச் சமையலறையில் நின்று சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். துளசி வந்து நாற்காலியில் ஏறினாள். இரண்டு கைகளாலும் என் வாயைப் பொத்தினாள்.

"மெல்ல" என்றாள்.

மலர் அக்கா பிள்ளைகளின் வாயில் சோறு தீத்தும்போதும் படி இறங்கும்போதும் சொல்லும் சொல் அது. தெளிவாகச் சொன்னாள். வாயைப் பொத்தியிருந்ததால் எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. சொல்லவும் தோன்றவில்லை. அப்படியே நின்றேன். அடுத்த வெள்ளி ஆலயத்துக்கு வந்து நேர்த்தியை நிறைவேற்றினோம்.

வைத்தியர் குழாய் வைத்தார், காது கேட்டது, இதில் அம்பாள் எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. நானும் பல்கலைக்கழகத்தில் நிற்பவள்தான். அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். வைத்தியர்களுக்கும் அந்தப் பரிசோதனைப் பெண்ணுக்கும் என் நன்றி குறையாது. ஆனால் என் குரல் நிற்காதவரை மறுபடி வைத்தியரிடம் போக எனக்குக் காரணம் தெரிந்திருக்காது. நான் கேட்டது பிள்ளைக்குப் பேச்சு. அம்பாள் முதலில் என்னுடைய பேச்சை வாங்கினாள். அது காணிக்கை என்று நான் நினைத்தேன். அதுவே பதிலாக இருந்தது. கேட்டுக்கொண்டு நிற்கும்போதே கொடுத்துவிட்டாள். இதை நினைக்கும்போது இப்போதும் எனக்குப் பேச்சு வருவதில்லை.

இதை 1998இல் எழுதுகிறேன். அந்த முழு ஆண்டு நியமனம் ஓர் ஆண்டோடு முடிந்தது. மேசையைத் திருப்பிக் கொடுத்தேன். ஒவ்வொரு வசந்தத்திலும் மறுபடி விண்ணப்பிக்கிறேன். சில தவணைகளில் இரண்டு பாடம், சில தவணைகளில் ஒன்று, ஒரு தவணை ஒன்றுமே இல்லை. முன்பு அதை நினைத்துப் பயந்தேன். இப்போது பயம் வருகிறது, போகிறது. பிள்ளைக்குக் கெடுதல் செய்கிறேன் என்ற எண்ணம் மட்டும் திரும்பி வரவில்லை. துளசி முதலாம் வகுப்புப் போகிறாள். பாடம் நடக்கும்போது கதைக்கிறாள் என்று ஆசிரியை குறை சொல்கிறார். "இனி இவளின்ரை வாயை மூடப்பண்ண என்ன நேர்த்தி வைக்கப் போறீர்?" என்று விட்பி மச்சாள் தொலைபேசியில் கேட்டார். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். இந்த முறை வலிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் நான் இன்னும் பேசுவதில்லை. இப்போது அது நேர்த்தி அல்ல, வீட்டைப் பார்க்கவும் கேட்கவும் எடுத்துக்கொள்ளும் நேரம்.

அடியார்களே, உங்கள் வீட்டுக் கவலை எனக்குத் தெரியாது. வேலைக்கும் பிள்ளைக்கும் நடுவில் நின்று, எதை விடுவது என்று தெரியாமல் ரயிலில் அழுகிற தாய்மார் நம்மிடையே இருக்கிறார்கள் என்பது தெரியும். பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை என்றால் தயங்காமல் வைத்தியரிடம் கொண்டுபோங்கள். அதோடு அம்பாளிடமும் வாருங்கள். கேட்க வேண்டியதைக் கேளுங்கள். கேட்டபிறகு உடனே எழும்பிப் போகாதீர்கள், அடுத்த வேண்டுதலையும் தொடங்காதீர்கள். அவள் முன்னால் சற்று நேரம் வாயை மூடிக்கொண்டு இருங்கள்.